ஐந்தாம் மாடிக்குப் போன சட்டை

எங்கள் சலவைக்கூடத்தில் தொலைபேசி மணி அடித்தால் போதும், பதினோரு பேருக்கும் ஒரே நேரத்தில் தலைபோகிற வேலை வந்துவிடும். மடிப்பு அக்கா ஏற்கெனவே மடித்த விரிப்பைப் பிரித்து மறுபடி மடிப்பாள். இஸ்திரி போடுகிறவர்கள் ஆவிக்குள் தலையை மறைத்துக்கொள்வார்கள். நான் குனிந்து, கீழே விழாத ஊசியைத் தேடுவேன். மேலே இருக்கிற அத்தனை மாடிகளும் ஆங்கிலத்தில்தான் பேசும். கீழே, ஹோட்டலின் அடித்தளத்தில் இருக்கிற எங்களுக்குச் சோப்பும் தெரியும், கறையும் தெரியும். ஆங்கிலம் மட்டும் ஆகாது. கடைசியில் கஞ்சி சார் வந்துதான் எடுப்பார்.

கஞ்சி சார் எங்கள் சூப்பர்வைசர். கழுத்துப்பட்டை முதல் நடை வரை எல்லாமே கஞ்சி போட்டு விறைத்த மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். அவருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். அந்த மாதக் கடைசியோடு அவர் ஓய்வு பெறுகிறார் என்றும், அந்த இடத்துக்கு உள்ளேயிருந்தே ஆள் எடுப்பார்கள் என்றும், நேர்காணல் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை என்றும் அறிவிப்பு ஒட்டினார்கள். தகுதி என்று ஒரே ஒரு வரி. மாடிகளோடு தொலைபேசியில் பேசத் தெரிய வேண்டும். பதினோரு பேரில் பத்துப் பேர் அந்த வரியைப் படித்ததும் அறிவிப்புப் பலகைக்கு முதுகைக் காட்டிவிட்டார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன்.

பதவி ஆசை என்று நினைக்க வேண்டாம். சூப்பர்வைசருக்குப் பகல் வேலை, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. எனக்கு வேண்டியது அதுதான். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். விடியற்காலை நாலு மணிக்கு டெப்போவில் இருக்க வேண்டும். அவர் வேலை முடிந்து வீடு திரும்புவதற்குள் நான் இரண்டு மணி ஷிப்டுக்குக் கிளம்பியிருப்பேன். நான் திரும்பும்போது அவர் தூங்கியிருப்பார். என் விடுமுறை செவ்வாய். அன்று அவருக்கு இரட்டை ஷிப்ட். அவர் விடுமுறை ஞாயிறு. காலையில் கொஞ்சம் முகம் பார்த்துக்கொள்வோம், அதிலும் பாதி நேரம் அவர் கண்ணை மூடியிருப்பார். பதினோரு வருஷம் இப்படி.

ஆகவே எங்கள் குடும்பம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில்தான் நடந்தது. மகன் படிக்க விடுதிக்குப் போன பிறகு, கதவில் ஒட்டும் சீட்டுகள்தான் பேச்சுத்துணை. 'பால் தீர்ந்துவிட்டது.' 'குழாய் ஒழுகுகிறது, வாளியை நகர்த்தாதே.' 'முதுகு எப்படி இருக்கிறது?' 'தேவலை.' முதுகைப் பற்றிக் கேட்டுப் பதில் வாங்க இரண்டு நாள் ஆகும். சண்டை என்றால் ஒரு வாரம் ஓடும். ஒரு முறை நாலாம் நாள், 'நாம் எதற்காகச் சண்டை போடுகிறோம்?' என்று அவர் எழுதி ஒட்டியிருந்தார். எனக்கும் ஞாபகம் இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், 'உங்களுக்கே தெரியும்' என்று எழுதிவைத்தேன்.

ஒரே மேசையில், ஒரே நேரத்தில், ராத்திரிச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க என் நாத்தனார் வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். எனக்கும் அவளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். அவள் என் சமையலில் குறை சொல்வாள், நான் அவள் தலைவாரலில் குறை சொல்வேன். ஆனால் வேலை என்று வந்தால் அவள் சுத்தம். செவ்வாய்தோறும் மாலை பள்ளி விட்டு நேரே வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் பாடத்தை ஆரம்பித்துவிடுவாள்.

"அண்ணி, வார்த்தையைத் தனியா படிக்காதீங்க. ஜோடியா படிங்க. வெயிட்டுன்னா ஃபார். லிசனுன்னா டு. டிபெண்டுன்னா ஆன்."

"ஏன் வெயிட்டுக்கு ஃபார்? ஆன் போட்டா என்னவாம்?"

"அது அப்படித்தான். கல்யாணம் முடிஞ்சிடுச்சு. இவனுக்கு ஏன் இவளைக் கட்டினீங்கன்னு இப்பப் போய்க் கேக்க முடியுமா?"

"உங்க அண்ணனை எனக்குக் கட்டினப்பவே நான் அதைக் கேட்டிருக்கணும்."

"பேச்சை மாத்தாதீங்க. நம்ம பாஷையில 'உனக்காக'ன்னு ஆளோடயே ஒட்டிக்கும். அவங்களுக்கு அப்படி இல்ல. நடுவுல ஒரு சின்ன வார்த்தை நின்னு, இந்தப் பக்கம் வேலையையும் அந்தப் பக்கம் ஆளையும் பிடிச்சுக்கும். ஜோடி மட்டும் படிச்சாலும் பத்தாது. வெயிட் ஃபார்னா, யாருக்காக? அந்த ஆளையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்க. அப்பத்தான் நாக்குல நிக்கும்."

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. இருபது வருஷமாகக் காலுறை ஜோடி சேர்க்கிறவளுக்கு ஜோடி சேர்க்கத் தெரியாதா? போகும்போது அவள் ஒரு தடித்த கறுப்புப் பேனாவைக் கையில் திணித்தாள். வகுப்பில் வெள்ளைப் பலகையில் எழுதுகிற பேனா. "சமையலறை டைல்ஸ்ல எழுதிப் பழகுங்க. தண்ணி பட்டா போயிடும்" என்றாள்.

தண்ணீர் பட்டால் போய்விடும் என்ற சொல்தான் எனக்கு யோசனை கொடுத்தது.

என் வேலை, விருந்தாளிகளின் துணிக்கு அடையாளம் போடுவது. ஒவ்வொரு துணியிலும் ஒரு விரல் அகலத் துணிச்சீட்டை ஊசியால் குத்தி, அதில் அறை எண்ணை எழுத வேண்டும். அதற்கென்று சலவைக்கூடத்தில் ஒரு பேனா உண்டு. கொதிக்கிற நீரில் போட்டாலும் அதன் மை அசையாது. நான் என்ன செய்தேன் என்றால், சீட்டின் முன்பக்கம் அந்தப் பேனாவால் எண்ணை எழுதிவிட்டு, பின்பக்கம் நாத்தனார் பேனாவால் ஒரு ஜோடியை எழுத ஆரம்பித்தேன். முன்னால் 512, பின்னால் 'வெயிட் ஃபார்'. யாருக்காக? ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்காக. ஆட்களின் பெயர் எனக்கு எங்கே தெரியும்? அறை எண்தான் ஆள். குத்தும்போது மூன்று தரம் முணுமுணுப்பேன். வெயிட் ஃபார் ஃபைவ் ஒன் டூ. லிசன் டு ஃபைவ் நாட் செவன். துணி இயந்திரத்துக்குள் போனதும் பின்பக்கம் அழிந்துவிடும், எண் மட்டும் நிற்கும். பாடமும் ஆயிற்று, வேலையும் ஆயிற்று, யாருக்கும் தெரியாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இன்னொரு திருட்டுத்தனமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமைகளில் வீட்டுக்காரரின் சட்டை ஒன்றைப் பையில் கொண்டுவந்து, விருந்தாளிகளின் துணியோடு போட்டுவிடுவேன். சொந்தத் துணி துவைக்கக் கூடாது என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் கைமடிப்பில் ஏறும் எண்ணெய்க்கறை வீட்டுச் சோப்புக்கு மசியவே மசியாது. அந்தச் சட்டைக்கும் ஒரு சீட்டுக் குத்துவேன், எண் இல்லாமல். பின்பக்கம் மட்டும் 'திங்க் ஆஃப்'. நினைத்துக்கொள். யாரை என்று எழுத வேண்டியதில்லை. துவைத்து வந்ததும் வெறும் சீட்டோடு இருக்கிற சட்டை என்னுடையது. உலர்த்தியிலிருந்து உருவிப் பைக்குள் வைத்துவிடுவேன்.

நேர்காணலுக்கு முந்தின வியாழக்கிழமை. ஐந்தாம் மாடியில் ஏதோ மாநாட்டுக்கு வந்த குழு தங்கியிருந்தது. இருபத்து மூன்று துணி, அதில் பதினாறு ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, ஒரே கடையில் எடுத்தவை. ஏழரை மணிக்கு விமான நிலையம் கிளம்புகிறார்கள், ஆறு மணிக்குள் துணி மேலே போக வேண்டும் என்று உத்தரவு. கஞ்சி சார் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தார். நான் ஒவ்வொன்றாகச் சீட்டுக் குத்தி, இயந்திரத்தில் போட்டுவிட்டு, விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்ததால் அந்தக் கோடிக்குப் போய்விட்டேன். வீட்டுக்காரர் சட்டையை உருவ மறந்தே போனேன்.

ஆறு மணிக்கு லிப்ட்காரர் துணிவண்டியை மேலே கொண்டுபோனார். ஆறு பத்துக்கு மணி அடித்தது.

வழக்கம்போல எல்லோருக்கும் வேலை வந்தது. மணி நின்று, மறுபடி அடித்தது. மடிப்பு அக்கா மட்டும் என்னைப் பார்த்து, "ஏன்டி, அந்த ஐந்தாம் மாடித் துணியில எல்லாம் இங்கிலீஷுல ஏதோ எழுதியிருந்துச்சே, அதுக்காக இருக்குமோ?" என்றாள்.

"என்னது எழுதியிருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நம்பரைக் காணோம், எழுத்துதான் இருந்துச்சு. மாசத்துக்கு ஒரு தடவை எதையாவது மாத்தறாங்களே, இதுவும் புது ஏற்பாடுன்னு நினைச்சேன்."

ஏப்ரன் பையிலிருந்து இரண்டு பேனாக்களையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் கறுப்பு, இரண்டும் தடிமன். எண்ணை எதனால் எழுதினேன், ஜோடியை எதனால் எழுதினேன் என்று அப்போதுதான் உறைத்தது.  எண்ணெல்லாம் சாக்கடைக்குப் போய்விட்டது, என் பாடம் அத்தனையும் கொதிநீரில் குளித்து அசையாமல் மேலே போயிருக்கிறது.

மூன்றாம் முறையாக மணி அடித்தது. இதை நான் எடுக்காவிட்டால் அந்தக் குழு முழுவதும் அடுத்தவன் சட்டையோடு விமானம் ஏறும். எடுத்தேன்.

"ஹலோ. லாண்ட்ரி."

மேலேயிருந்து பேசியது ஐந்தாம் மாடிப் பொறுப்பாளர். வேறு நாட்டுக்காரர், எங்கள் பாஷை ஒரு சொல் தெரியாது. நாங்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் தொலைபேசியில் கஞ்சி சாரையே 'யெஸ் மேடம், யெஸ் மேடம்' என்று குழைய வைத்தவர். படபடவென்று பொரிந்து தள்ளினார். எனக்கு 'டேக்' என்பதும் 'நம்பர்' என்பதும் 'ஏர்போர்ட்' என்பதும் மட்டும் புரிந்தன.  கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒன் பை ஒன் ப்ளீஸ். யூ ரீட். ஐ டெல் ரூம்."

 மிகுந்த அவநம்பிக்கையோடு அவர், "வெயிட் ஃபார்" என்றார்.

"ஃபைவ் ஒன் டூ."

"லிசன் டு."

"ஃபைவ் நாட் செவன்."

"டிபெண்ட் ஆன்."

"ஃபைவ் டூ ஒன்."

நானே எதிர்பார்க்கவில்லை. அவர் பாதியைச் சொன்னால், மீதி தானாக நாக்கில் வந்து நின்றது. மத்தியானம் மும்மூன்று தரம் முணுமுணுத்தது வீண் போகவில்லை. ஆஸ்க் ஃபார், ஐந்நூற்று மூன்று. பிலாங் டு, ஐந்நூற்றுப் பதினெட்டு. எட்டு, ஒன்பது, பத்து என்று போகப் போக அவர் குரலில் இருந்த விறைப்பு தளர்ந்தது. அவர் வேகமாகப் படித்தார், நான் வேகமாகச் சொன்னேன்.  மடிப்பு அக்கா ஒரு விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றாள்.

"லாஃப் அட்" என்றதும்தான் தடுக்கியது. ஐந்நூற்று ஒன்பதா, பத்தொன்பதா? இரண்டும் வெள்ளைச் சட்டை. ஒன்பதாம் எண் சட்டையில் இரண்டாவது பொத்தான் தொங்கிக்கொண்டிருந்ததும், வெள்ளை நூல் தீர்ந்துபோய் நான் நீல நூலால் தைத்ததும் ஞாபகம் வந்தது.

"பட்டன். நம்பர் டூ பட்டன். ப்ளூ?"

துணி சரசரக்கும் ஓசை. "யெஸ்! ப்ளூ!" அவர் குரலில் எங்களைவிட அதிகச் சந்தோஷம்.

"ஃபைவ் நாட் நைன்."

இருபத்து மூன்றும் முடிந்தது. முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. 'தேங்க் யூ' சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. இன்னும் ஒன்று இருக்கிறது என்றார். நீல நிறம், தோளில் ஏதோ முத்திரை தைத்திருக்கிறது. சீட்டில், "திங்க் ஆஃப்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கதவருகே கஞ்சி சார் நின்றிருந்தார், ஒரு கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கி. எப்போது வந்தாரோ.

தெரியாது என்று சொல்லிவிடலாம். சட்டை அநாதைத் துணிப் பெட்டிக்குப் போகும், என் நேர்காணல் பிழைக்கும். அந்தப் பெட்டியில் கிடப்பதை மாதம் ஒரு முறை துடைப்புத் துணியாகக் கிழிப்போம். நானே எத்தனையோ கிழித்திருக்கிறேன். வீட்டுக்காரர் சட்டையின் தோளை என் கையாலேயே கிழிப்பதை நினைத்துப் பார்த்தேன், ஆகவில்லை.

"திங்க் ஆஃப்?" என்று மேலேயிருந்து மறுபடி கேட்டார்.

"மை ஹஸ்பண்ட்" என்றேன்.

 அவர் நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இணைப்பு துண்டானது.

கஞ்சி சார் அருகே வந்தார். வாய் நிறையப் பஞ்சு, பேச முடியவில்லை. என் கையிலிருந்த பேனாவை வாங்கி, ஒரு துணிச்சீட்டை எடுத்து, அதில் எழுதி நீட்டினார். 'நாளை பத்து மணி. மேனேஜர் அறை.' எனக்குச் சீட்டுகளை விட்டு விமோசனமே இல்லை போலும்.

வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் நடந்ததை எழுத முயன்றேன். இரண்டு சீட்டு போதவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு, 'உங்கள் நீலச் சட்டை வர நாளாகும், மன்னிக்கவும்' என்று மட்டும் ஒட்டினேன். காலையில் கீழே அவர் எழுத்தில், 'சட்டை கிடக்கட்டும். மன்னிக்கவும் என்று எழுதுகிற அளவுக்கு என்ன நடந்தது?' என்றிருந்தது. படித்ததும் அழுகை வந்துவிட்டது. நாத்தனாரைக் கூப்பிட்டேன். "தெரியாம கலந்துடுச்சுன்னு சொல்லிடுங்க அண்ணி, சாட்சியா இருக்கு?" என்றாள் அந்த டீச்சரம்மா. பிள்ளைகளுக்கு என்ன நீதிபோதனை நடத்துகிறாளோ தெரியவில்லை.

மேனேஜர் அறையில் கஞ்சி சார் இருந்தார். ஐந்தாம் மாடி மேடமும் இருந்தார். அந்தக் குரலுக்கு ஆறடி உருவத்தை நான் மனத்தில் வளர்த்திருந்தேன். என் தோளுயரம்கூட இல்லை. அவர் கையில் ஒரு ஹேங்கரில், விருந்தாளி துணிக்குப் போடுகிற காகித உறைக்குள், என் வீட்டுக்காரரின் சட்டை.

மேனேஜர், "இது உங்களுதா?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரரோடது சார். வாரத்துக்கு ஒண்ணு கொண்டுவருவேன். ரெண்டு வருஷமா. எண்ணெய்க்கறை வீட்டுல போகல. தப்புதான்."

"சீட்டுல எழுதினது?"

அதையும் சொன்னேன். பேனா, டைல்ஸ், நாத்தனார், ஜோடி எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

கஞ்சி சாருக்குப் பஞ்சு எடுத்தாகிவிட்டது, ஆனாலும் பாதி வாயால்தான் பேசினார். "சார், சட்டைக்கு எச்சரிக்கை ஓலை கொடுங்க. அது விதி. ஆனா இருபத்து மூணு துணியில ஒண்ணுகூட மாறல. பதினெட்டு வருஷமா அங்க மணி அடிக்குது, என்னைத் தவிர எடுத்த ஒரே ஆள் இவங்கதான்."

மேடம் அவர் முடிக்கக் காத்திருந்து, மேனேஜரிடம் ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் சொன்னார். எனக்குப் புரிகிற வேகத்தில், என்னைப் பார்த்தபடியே சொன்னார். இவரிடம் பேசினால் எனக்குப் புரிகிறது. கீழேயிருந்து இனி இவர் பேசட்டும்.

அந்த ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. வெள்ளிக்கிழமை எச்சரிக்கைக் கடிதம், புதன்கிழமை சூப்பர்வைசர் நியமனக் கடிதம். திங்கட்கிழமை நேர்காணலும் நடந்தது. வந்தது நான் ஒருத்திதான். இரண்டு கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன், ஒன்றில்லாமல் மற்றது இல்லை.

அடுத்த மாதம் முதல் தேதி, சாயங்காலம் ஏழு மணி. சாப்பாட்டைச் சுடச்சுட மேசையில் வைத்தேன். எதிரே அவர் உட்கார்ந்தார், தலைசீவி, நான் துவைக்காத ஒரு புதுச் சட்டையில். பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு விறைப்பாக உட்காரவில்லை. நான் பரிமாறினேன். அவர் சாப்பிட்டார். நான் சாப்பிட்டேன்.  பதினோரு வருஷமாகக் கேட்டு வாங்கிய நேரம் இது, எனக்குப் பேச ஒன்றுமே வரவில்லை. அவருக்கும் வரவில்லை, வாயைத் திறந்தார், மூடினார், தண்ணீர் குடித்தார்.

சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனார். ஏதோ எழுதும் ஓசை. திரும்பி வந்து என் தட்டின் பக்கத்தில் ஒரு சீட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

'உப்பு கொஞ்சம் கம்மி.'

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அவர் பதறிப்போய் வந்து என் தலையைத் தட்டினார். கண்ணில் தண்ணீர் வழிய, "எதிர்லதானே உக்காந்திருக்கேன், வாயால சொல்லுங்களேன்" என்றேன்.

அவர் தட்டிய கையை எடுக்கவில்லை. தலையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"உப்பு கம்மி" என்றார். பிறகு, "நாளைக்கும் ஏழு மணிக்கு இருப்பியா?"

"இருப்பேன்."

உப்பு டப்பாவை அவரே போய் எடுத்துவந்தார்.